மழைக்கும் ஓடைக்கும் இடையே ஒரு நெடுஞ்சாலை

அமெரிக்காவின் வடமேற்கு மூலையிலுள்ள வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டில் நகரிலிருந்து கிழக்கே மலையேறிச் செல்லும் ஐ-90 நெடுஞ்சாலையும், டகோமா பக்கமிருந்து வடகிழக்காக வந்து டைகர் மலைக் கணவாயைக் கடக்கும் 18ஆம் எண் மாநிலச் சாலையும் ஸ்னோகுவால்மி என்ற ஊருக்கு அருகில் ஒன்றுசேர்கின்றன. துறைமுகச் சரக்கை ஏற்றி வரும் லாரிகளும் அன்றாடம் வேலைக்குச் செல்வோரின் கார்களும் இங்கே நெடுநேரம் தேங்கி நின்றதால், 2020களின் முற்பகுதியில் இந்தச் சந்திப்பை மாற்றிக் கட்டும் பணியை மாநிலப் போக்குவரத்துத் துறை மேற்கொண்டது. இருதிசை வண்டிகளும் பாலத்தருகே சற்றுத் தூரம் பக்கம் மாறி ஓடி மீண்டும் தம் பக்கத்துக்குத் திரும்பும் அமைப்பு சந்திப்பில் உருவாக்கப்பட்டதோடு, அங்கிருந்து டீப் கிரீக் என்ற ஓடை வரை ஏறத்தாழ 3 கிலோமீட்டர் தொலைவுக்கு இருவழிச் சாலை நான்குவழியாக அகலப்படுத்தப்பட்டது. போக்குவரத்தைப் பொறுத்தவரை செய்தி இவ்வளவுதான். ஆனால் அந்த இடத்தில் விழும் மழைநீருக்கும், அதை வாங்கிக்கொள்ளும் ஓடைகளுக்கும், அவ்வோடைகளில் வாழும் மீன்களுக்கும் இத்தகைய பணி என்ன செய்கிறது, அந்தத் தீங்கைக் குறைக்க என்னென்ன செய்யப்படுகிறது என்பது தனியே விளக்கப்பட வேண்டிய நெடிய கதையாகும்.

முதலில் நீரின் வழியைக் காண வேண்டும். சந்திப்பைச் சுற்றியுள்ள டீப் கிரீக், லேக் கிரீக் என்னும் ஓடைகள் ரேஜிங் ஆற்றில் சேர்கின்றன. ரேஜிங் ஆறு ஃபால் சிட்டி என்ற ஊரில் ஸ்னோகுவால்மி ஆற்றோடு கலந்து, அது வேறோர் ஆற்றோடு இணைந்து ஸ்னோஹோமிஷ் என்ற பெயரில் ப்யூஜெட் சவுண்ட் எனப்படும் கடற்கழியை அடைகிறது. ஸ்னோகுவால்மி ஆற்றில் 82 மீட்டர் உயர அருவி ஒன்று உண்டு. கடலிலிருந்து ஏறிவரும் சால்மன் மீன்களால் அதைத் தாண்ட முடியாது. ரேஜிங் ஆறு அந்த அருவிக்குக் கீழே சேர்வதால், கடலிலிருந்து புறப்பட்ட மீன் எந்த அருவித் தடையுமின்றி இச்சாலையோரத்துச் சிற்றோடைப் பகுதிக்கே வந்துவிட முடியும். கோஹோ என்ற சால்மன் வகை பேராறுகளைவிட இத்தகைய சிற்றோடைகளையே நாடி இலையுதிர்காலத்தில் சரளைக்கல் படுகையில் முட்டையிடுகிறது; குஞ்சுகள் ஓராண்டுக்கு மேல் ஓடையிலேயே வளர்ந்து கடலுக்குச் சென்று, ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு அங்கே வாழ்ந்து, தாம் பிறந்த நீருக்கே முட்டையிடத் திரும்புகின்றன. வரைபடத்தில் கோடாகக்கூடத் தெரியாத ஓடைக்கு இவ்வளவு மதிப்பு வருவது இதனால்தான்.

இப்பகுதியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,500 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அது ஓரிரு நாளில் கொட்டித் தீர்க்கும் மழை அன்று. அக்டோபர் முதல் ஏப்ரல் வரை விட்டு விட்டு நாள்கணக்கில் பெய்யும் மழை. காடு அழியாத இடத்தில் இந்த மழை தரையைத் தொடுவதற்கே நேரம் பிடிக்கிறது. டக்ளஸ் ஃபர் முதலிய ஊசியிலை மரங்களின் கிளைகள் ஒரு பங்கைத் தாங்கிக் காற்றிலேயே ஆவியாக விடுகின்றன. எஞ்சியது அடியில் மெத்தைபோல் கிடக்கும் மக்கிய சருகுக்குள் இறங்குகிறது. அதன்கீழ் வேர்களும் புழுக்களும் துளைத்த பொலபொலப்பான மண்ணில் பரவுகிறது. பனியூழிக் காலத்தில் பனிப்பாறைகள் அழுத்திச் சென்ற கெட்டி மண் இந்த வட்டாரத்தின் பெரும்பகுதியில் மேல்மண்ணுக்குச் சற்றுக் கீழேயே இருப்பதால், நீர் அதற்கு மேல் ஆழம் போகாமல், அந்தக் கெட்டித் தளத்தின்மீது மண்ணுக்குள்ளேயே பக்கவாட்டில் மெல்ல நகர்ந்து, நாள்கள் கழித்து ஓடையில் கசிகிறது. காட்டின் தரைமேல் நீர் ஓடுவதை அங்கே காண்பதே அரிது. மழைக்கும் ஓடைக்கும் இடையே காடு வைத்திருப்பது இந்தத் தாமதத்தைத்தான். ஓடையின் அகலம், வளைவு, அடியில் கிடக்கும் கல்லின் பருமன் எல்லாமே அதற்கு ஏற்ப அமைந்தவை.

சாலை அந்தத் தாமதத்தை ஒரே அடியில் நீக்கிவிடுகிறது. 3.65 மீட்டர் அகலமுள்ள ஒரு தடத்தை 1 கிலோமீட்டர் நீளத்துக்குக் கூடுதலாகப் போட்டால், 25 மில்லிமீட்டர் மழையில் அந்தத் தடம் ஒன்றிலிருந்து மட்டும் ஏறத்தாழ 91,000 லிட்டர் நீர் வழிகிறது. தடங்கள், ஓரப்பட்டைகள், இணைப்புச் சாலைகள் எனக் கூட்டினால் ஒரு சந்திப்பின் தளப்பரப்பு பல ஹெக்டேர் ஆகும். ஒவ்வொரு ஹெக்டேரும் அதே மழையில் 2.5 லட்சம் லிட்டர் தருகிறது. நாள்கணக்கில் கசிய வேண்டிய நீர் நிமிடக்கணக்கில் வந்து சேரும்போது ஓடை தன் படுகையை அரித்து ஆழமாக்கிக்கொள்கிறது, கரை சரிகிறது, முட்டைகள் புதைந்திருக்கும் சரளைக்கற்கள் அவற்றோடு சேர்ந்து உருண்டு போகின்றன. கோடையிலோ நிலைமை தலைகீழாகிறது. மண்ணுக்குள் ஊறியிருக்க வேண்டிய நீர் முன்பே ஓடிவிட்டதால் கசிவு குறைந்து, குஞ்சுகள் வாழ வேண்டிய மாதங்களில் ஓடை வற்றுகிறது.

இதற்குப் பழைய தலைமுறைப் பொறியாளர்கள் கண்ட மருந்து தேக்கக் குளம். சாலைநீரை ஒரு குளத்தில் நிறுத்தி, அதன் உச்ச வெளியேற்றம் பழைய உச்சத்தைத் தாண்டாதபடி விட்டால் போதும் என்று அவர்கள் எண்ணினர். ஆனால் உச்சம் மாறாவிட்டாலும், அரிக்கும் வேகத்தில் நீர் ஓடும் மொத்த மணிநேரம் கூடிவிடுவதால் ஓடைகள் தொடர்ந்து அரிபட்டன. ஆகவே மேற்கு வாஷிங்டனில் விதி கடுமையாக்கப்பட்டது. இன்று ஒரு புதிய சாலைப்பரப்பிலிருந்து வெளியேறும் நீரில், இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரத்தக்க வெள்ளத்தின் பாதி அளவு தொடங்கி ஐம்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை வரத்தக்க வெள்ளம் வரை, ஒவ்வொரு நீரளவும் எவ்வளவு நேரம் நீடிக்கிறதோ அந்த நேரமும் காடு இருந்த காலத்தைவிடக் கூடக்கூடாது. பல பத்தாண்டுகளின் மணிவாரி மழைப்பதிவைக் கணினியில் ஓட்டி இது கணக்கிடப்படுகிறது. ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்படுவது பணி தொடங்குவதற்கு முந்திய நாளின் நிலம் அன்று, பெரும்பாலான இடங்களில் ஒருகாலத்தில் அங்கிருந்த காடு என்பதே இவ்விதியின் உயிர்நாடி. வெட்டவெளியாகிவிட்ட இடத்தை அளவுகோலாக வைத்தால் ஏற்கெனவே நேர்ந்த கேட்டை விதியே ஏற்றுக்கொண்டதாகிவிடும்.

இந்தப் பெருங்கணக்கு முழுவதும் நடைமுறையில் ஒரு சிறு துளையில் வந்து நிற்கிறது. குளத்தின் வெளிவாயிலில் செங்குத்தாக நிற்கும் ஒரு குழாயும், அதன் அடியில் சில சென்டிமீட்டரே விட்டமுள்ள ஒரு துளையும், மேலே பெருவெள்ளம் வழிவதற்கான வெட்டும் இருக்கும். சிறுமழைநீர் முழுவதும் அந்தத் துளை வழியாகவே மெல்ல வெளியேற வேண்டும். ஆயினும் குளத்தால் காட்டை முழுமையாக ஈடுசெய்ய முடியாது என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும்: மரங்கள் ஆவியாக்கி அனுப்பிய பங்கு இப்போது குளத்துக்கு வருவதால் மொத்த நீரளவு கூடுதலாகவே இருக்கும். மண் இடங்கொடுக்கும் இடத்திலெல்லாம் நீரைத் தரைக்குள் இறக்குவதுதான் குளத்தைவிட மேலானது. கெட்டி மண் மேலாக உள்ள சரிவுகளில் அதற்கு வழி குறைவு.

நீரின் அளவு ஒரு சிக்கல் என்றால் அது சுமந்து வருவது மற்றொரு சிக்கல். சாலையில் படியும் எண்ணெய்க் கசிவும் தூசியும் கண்ணுக்குத் தெரிபவை. தெரியாதவையே அதிகத் தீங்கு செய்கின்றன. பிரேக் பட்டைகளிலிருந்து உதிரும் செம்பு, லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் அளவிலேயே சால்மனின் மோப்ப உணர்வை மழுங்கடிக்கிறது. பிறந்த ஓடையை மணத்தால் அடையாளம் காணும் மீனுக்கு இது சிறு குறை அன்று. 2010இல் வாஷிங்டன் மாநிலம் சட்டம் இயற்றி, பிரேக் பட்டைகளில் செம்பு 2021க்குள் 5 விழுக்காட்டுக்கும் 2025க்குள் அரை விழுக்காட்டுக்கும் கீழே வர வேண்டுமென விதித்தது. டயர்களிலிருந்தும், துத்தநாகம் பூசிய சாலையோரக் கம்பித் தடுப்புகளிலிருந்தும் துத்தநாகம் வருகிறது.

ஆனால் இந்த வட்டாரத்தின் ஓடைகளைப் பல ஆண்டுகள் வாட்டிய புதிர் வேறு. சியாட்டில் நகர்ப்புற ஓடைகளில் இலையுதிர்கால முதல் மழைக்குப் பின், வயிறு நிறைய முட்டைகளோடு திரும்பிவந்த கோஹோ பெண்மீன்கள் வாயைத் திறந்து நீர்மட்டத்தில் திணறி, நிலைதடுமாறிச் சுழன்று, சில மணிநேரத்தில் முட்டையிடாமலேயே இறந்தன. சில ஓடைகளில் திரும்பிவந்தவற்றில் பாதிக்கு மேல் இவ்வாறு மாண்ட ஆண்டுகள் உண்டு. அதே நீரில் சம் என்ற மற்றொரு சால்மன் வகைக்கு ஒன்றும் நேரவில்லை. உலோகங்களைச் சோதித்தனர், எண்ணெய்ப் பொருள்களைச் சோதித்தனர், எதுவும் பொருந்தவில்லை. இறுதியில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தையும் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள் 2020 டிசம்பரில் சயின்ஸ் இதழில் குற்றவாளியை அறிவித்தனர். டயர் ரப்பர் ஓசோன் காற்றால் வெடிக்காமலிருக்க அதில் 6பிபிடி என்ற வேதிப்பொருள் சேர்க்கப்படுகிறது. அது ஓசோனோடு வினைபுரிந்து 6பிபிடி-குவினோன் என்ற புதிய பொருளாக மாறுகிறது. டயர் தேயும்போது சாலையில் உதிரும் துகளிலிருந்து மழைநீர் அதைக் கரைத்துச் செல்கிறது. பின்னர் திருத்தப்பட்ட அளவீட்டின்படி லிட்டருக்கு 95 நானோகிராம் இருந்தாலே சோதனைக்குட்பட்ட கோஹோ மீன்களில் பாதி இறந்துவிடுகின்றன. பத்து லட்சம் லிட்டர் நீரில் பத்தில் ஒரு கிராமுக்கும் குறைவான அளவு அது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று, நஞ்சு இன்னதென்று தெரியும் முன்பே அதை நீக்கும் வழி தெரிந்திருந்தது என்பதாகும். 2016இல் வெளியான ஆய்வொன்றில், நெடுஞ்சாலையில் சேகரித்த மழைநீரில் விடப்பட்ட கோஹோ மீன்கள் மாண்டன; அதே நீரை மணலும் மக்கிய உரமும் கலந்த மண் அடுக்கின் வழியே வடித்தபோது அனைத்தும் பிழைத்தன. காட்டின் தரையில் சருகும் மண்ணும் சேர்ந்து செய்துவந்த வேலையைத் தொட்டியில் நிரப்பிய மணலும் உரமும் செய்துகாட்டின. டயரிலிருந்தே அப்பொருளை நீக்குவதுதான் நிலையான தீர்வு. கலிஃபோர்னியா மாநிலம் 2023இல் 6பிபிடி உள்ள வாகன டயர்களைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்து மாற்றுப்பொருள் தேட உற்பத்தியாளர்களைப் பணித்தது. அதே ஆண்டு இப்பொருளைப் பற்றி மூன்று பழங்குடி அரசுகள் விடுத்த மனுவை மத்தியச் சுற்றுச்சூழல் முகமை ஏற்றது. மாற்றுப்பொருள் வரும்வரை சாலையோரத்து மண்ணே காவல்.

அத்தகைய காவல் ஒன்றை வாஷிங்டன் மாநிலப் போக்குவரத்துத் துறையே சாலைச் சரிவுக்கென உருவாக்கியிருக்கிறது. வடிகட்டு ஊடகப் பட்டை என்று அதைச் சொல்லலாம். தளத்தின் விளிம்பில் புல் முளைக்காத சரளைப் பட்டை ஒன்று இருக்கிறது. ஒரே இடத்தில் பாயாமல் நீர் அதன்மீது மெல்லிய படலமாகப் பரவுகிறது. அடுத்து வரும் புல்வெளிப் பட்டை பெருந்துகள்களை நிறுத்திக்கொள்கிறது. அதையடுத்துக் குறைந்தது 30 சென்டிமீட்டர் ஆழத்தில் ஒரு கலவை நிரப்பப்பட்டிருக்கும்: உடைகல், பெர்லைட் என்ற பொரித்த எரிமலைக் கல், டோலமைட், ஜிப்சம். பெர்லைட் ஈரத்தைப் பிடித்துவைக்கிறது. டோலமைட்டும் ஜிப்சமும் நீரின் காரத்தன்மையைச் சிறிது உயர்த்திக் கரைந்த உலோகங்களைப் பிடித்துக்கொள்கின்றன. வடிந்த நீர் அடியிலுள்ள துளைக்குழாய் வழியே வெளியேறுகிறது. பார்ப்பவர் கண்ணுக்கு இது வெறும் சாலையோரச் சரிவு. குளம் வெட்ட நிலம் கிடைக்காத நெருக்கமான சந்திப்புகளில், எப்படியும் இருக்கப்போகும் சரிவையே சுத்திகரிப்பு நிலையமாக்கும் இந்த ஏற்பாடு மிகவும் பாராட்டத்தக்கது.

இவையெல்லாம் பணி முடிந்த பின்னர் செயல்படுபவை. ஓடைக்கு மிக ஆபத்தான காலம் பணி நடக்கும் ஆண்டுகளே. மரம் வெட்டி, மேல்மண் அகற்றி, சரிவை வெட்டித் திறந்த நிலத்தில் ஒரு மழை பெய்தால், ஆண்டுக்கணக்கில் ஓடை காணாத சேறு ஓரிரவில் இறங்கிவிடும். சன்னமான வண்டல் சரளைக்கற்களின் இடுக்குகளை அடைக்கும்போது, அவற்றுக்குள் புதைந்திருக்கும் முட்டைகளுக்கு உயிர்வளி தரும் நீரோட்டம் நின்றுவிடுகிறது. அமெரிக்காவின் தூய்நீர்ச் சட்டம் 1972இல் வந்தது. 1987இல் அது திருத்தப்பட்ட பின்னரே மழைநீர் வடிகால்கள் உரிமம் பெற வேண்டிய வரம்புக்குள் வந்தன. இன்று 1 ஏக்கர் அல்லது அதற்கு மேல் மண்ணைக் கிளறும் எந்தக் கட்டுமானமும் உரிமம் பெற்றாக வேண்டும். மேற்கு வாஷிங்டனில் அக்டோபர் முதல் ஏப்ரல் முடிய உள்ள மழைக்காலத்தில், வேலை நடக்காத மண்பரப்பை இரண்டு நாளுக்கு மேல் மூடாமல் விடக்கூடாது; வறண்ட மாதங்களில் ஏழு நாள். வைக்கோல் பரப்புதல், பிளாஸ்டிக் விரிப்பால் மூடுதல், புல்விதையை மரக்கூழோடு கரைத்துச் சரிவில் பீய்ச்சுதல், ஓடைக்கரைகளில் தென்னை நார்ப் பாய் விரித்தல் ஆகியன வழக்கமான முறைகள். இப்பாய்களுக்கான தென்னை நார் பெரும்பாலும் தென்னிந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் செல்வது. பொள்ளாச்சிப் பக்கத்து மட்டையின் நார் அமெரிக்க ஓடைக்கரையில் மண்ணைப் பிடித்து நிற்பது நினைத்துப் பார்க்க மகிழ்ச்சி தருகிறது. சில ஆண்டுகளில் அது மக்கி மண்ணாகும்போது, அதன் ஊடே நடப்பட்ட வில்லோ மரப் போத்துகள் வேரூன்றி அதன் வேலையை ஏற்றுக்கொள்கின்றன.

மண் நகர்ந்த பிறகு பிடிப்பதைவிட நகராமல் காப்பதே எளிது என்பதற்கு இயற்பியல் காரணம் உண்டு. கலங்கிய நீரை 1 மீட்டர் ஆழமுள்ள தொட்டியில் நிறுத்தினால் சன்ன மணல் இரண்டு நிமிடத்தில் அடியில் படிந்துவிடும். களிமண்ணின் நுண்துகளுக்கு ஏறத்தாழ மூன்று நாள் ஆகும். அடுத்தடுத்து மழை பெய்யும் இடத்தில் மூன்று நாள் நீரை நிறுத்திவைக்க எந்தக் குழியும் போதாது. எனவே பல பணியிடங்களில் இறால், நண்டு ஓடுகளிலிருந்து எடுக்கப்படும் கைட்டோசான் என்ற பொருளைக் கலந்து களித்துகள்களைத் திரளச் செய்து மணல் வடிகட்டியில் பிரிக்கின்றனர். அளவு மீறினால் கைட்டோசானே மீனுக்கு நஞ்சாகும் என்பதால், வெளியேறும் நீரில் அது மிஞ்சவில்லை என்பதைச் சோதித்த பின்பே திறந்துவிட வேண்டும். நீரில் ஒளி எவ்வளவு சிதறுகிறது என்பதைக் கொண்டு கலங்கல் அளக்கப்படுகிறது. அதன் அலகு என்.டி.யூ. பணியிடத்திலிருந்து வெளியேறும் நீர் 25 என்.டி.யூவைத் தாண்டினால் ஏற்பாடுகளைச் சீர்செய்ய வேண்டும். 250ஐ எட்டினால் மாநிலச் சூழலியல் துறைக்கு ஒரு நாளுக்குள் தொலைபேசியில் தெரிவித்தாக வேண்டும்.

சிமென்ட் மற்றோர் ஆபத்து. பச்சைக் கான்கிரீட்டைத் தொட்ட நீர் கண்ணாடிபோல் தெளிவாக இருந்தாலும் கடுங்காரமாக, அமில-கார அளவுகோலில் 12ஐ ஒட்டி இருக்கும். அது மீனின் செவுள்களை அரித்துவிடும். 8.5க்கு மேல் உள்ள நீரை வெளியே விடக்கூடாது. கரியமில வாயுவையோ அதன் உறைந்த வடிவமான உலர்பனியையோ செலுத்தி அதை நடுநிலைக்குக் கொண்டுவருகின்றனர்.

புதிதாகப் போடும் சாலையைவிட, ஓடிக்கொண்டிருக்கும் சாலையை அகலப்படுத்துவதில் நீரை ஆள்வது கடினம். வண்டிகளை நிறுத்த முடியாது என்பதால் போக்குவரத்து முதலில் ஒரு பக்கம் தள்ளப்பட்டு மறுபக்கம் கட்டப்படுகிறது. பிறகு போக்குவரத்து கட்டி முடித்த பக்கத்துக்கு மாற்றப்படுகிறது. ஒவ்வொரு மாற்றத்திலும் தளத்தின் சாய்வு மாறி, நேற்று கிழக்கே வழிந்த நீர் இன்று மேற்கே வழிகிறது. புதிய வடிகால் முடியாமலும் பழையது உடைபட்டும் இருக்கும் இடைக்காலம் ஒன்று தவறாமல் வரும். வரைபடத்தில் தொடக்க நிலையையும் முடிவு நிலையையும் மட்டும் தீட்டிவிட்டு இந்த இடைக்காலங்களைப் பணியாளர் சாமர்த்தியத்துக்கு விட்டுவிடும் திட்டங்களில்தான் ஓடைகள் பாழாகின்றன. நிரந்தரத் தேக்கக் குளத்தை முதலிலேயே வெட்டி, பணிக்காலம் முழுவதும் வண்டல் பிடிக்கும் குளமாகப் பயன்படுத்தி, முடிவில் தூர்வாருவது நல்ல நடைமுறை. ஆனால் நீரைத் தரைக்குள் இறக்குவதற்காக ஒதுக்கிய இடத்தை அவ்வாறு பயன்படுத்தக்கூடாது; ஒருமுறை களி அடைத்துவிட்டால் அந்த மண் மீண்டும் பழையபடி உறிஞ்சாது. அந்த இடத்தில் கனரக எந்திரம் ஏறினாலும் அதே கேடுதான்.

இனி ஓடையே சாலைக்கடியில் செல்லும் இடங்கள். சென்ற நூற்றாண்டில் சாலை போட்டவர்கள் ஓடை குறுக்கிட்ட இடங்களில் ஒடுக்கமான குழாயைப் புதைத்து மேலே மண்ணைக் கொட்டினர். வெள்ளம் கடந்தால் போதும் என்பதே அன்றைய கணக்கு. ஒடுக்கத்தில் வேகமெடுத்த நீர் வெளிவாயிலில் பள்ளம் பறிக்க, காலப்போக்கில் குழாயின் வாய் ஓடையின் மட்டத்துக்கு மேலே தொங்கி நிற்கும். வளர்ந்த மீனில் ஒன்றிரண்டு துள்ளி ஏறலாம். விரல் நீளக் குஞ்சால் ஏற முடியாது. இதன் தீர்வு நீதிமன்றத்திலிருந்து வந்தது. 1855இல் ஸ்னோகுவால்மி உள்ளிட்ட பழங்குடி மக்கள் பாயின்ட் எலியட் உடன்படிக்கையில் நிலத்தை விட்டுக்கொடுத்தபோது, வழக்கமான இடங்களில் மீன்பிடிக்கும் உரிமையைத் தமக்கே வைத்துக்கொண்டனர். அவ்வட்டார உடன்படிக்கைகளின் கீழ், பிடிக்கத்தக்க மீனில் பாதிவரை பழங்குடிகளுக்கு உரியது என்று 1974இல் நீதிபதி போல்ட் தீர்ப்பளித்தார். மீனே வரமுடியாதபடி ஓடையை அடைத்துவிட்டு மீன்பிடிக்கும் உரிமையை மட்டும் விட்டுவைப்பதில் பொருளில்லை என்று 21 பழங்குடி அரசுகள் 2001இல் வழக்குத் தொடுத்தன. அடைபட்ட வாழிடத்தில் 90 விழுக்காட்டை 2030க்குள் மாநிலம் திறந்துவிட வேண்டுமென 2013இல் ஆணை பிறந்தது. 2018இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் நான்குக்கு நான்கு எனப் பிரிந்ததால் அந்த ஆணையே நிலைத்தது. 18ஆம் எண் சாலை விரிவாக்கத்தில் பழைய குழாய்கள் அகற்றப்பட்டு, மீன் கடந்துசெல்லத்தக்க அமைப்புகள் கட்டப்பட்டதன் பின்னணி இதுதான்.

மீன் செல்லும் வழி எவ்வளவு அகலமாக இருக்க வேண்டும் என்பதை ஓடையே சொல்கிறது. ஓராண்டு ஈராண்டுக்கு ஒருமுறை வரும் நீர் இரு கரையையும் தொட்டு நிறையும்போது உள்ள அகலத்தை எடுத்து, அதை 1.2ஆல் பெருக்கி, அதோடு இரண்டு அடி கூட்டுவது வாஷிங்டன் மாநிலத்தில் குறைந்தபட்ச விதி. 3 மீட்டர் ஓடைக்கு 4.2 மீட்டர் அகலம் என்றாகிறது. அதற்குள் ஓடையின் சரளையும் கல்லும் பரப்பப்பட்டு, சாலைக்கடியிலும் ஓடை ஓடையாகவே தொடர வேண்டும். அகலம் கூடும்போது குழாயைவிடப் பாலமே பொருந்தும்.

இதைக் கட்ட ஓடையைத் தற்காலிகமாக அப்புறப்படுத்தியாக வேண்டும். முட்டையும் இளங்குஞ்சும் சரளையில் இல்லாத கோடை மாதங்களில், பெரும்பாலும் ஜூலைக்கும் செப்டம்பருக்கும் இடையே, மாநில மீன்வளத் துறையின் உரிமத்தில் குறித்த நாள்களுக்குள் மட்டுமே நீரில் வேலை செய்யலாம். பணியிடத்துக்கு மேலும் கீழும் வலை கட்டப்படுகிறது. உயிரியலாளர்கள் நீர்புகா ரப்பர் உடையோடு இறங்கி, இழுவலையாலும் பின்னர் மெல்லிய மின்னதிர்ச்சியாலும் மீன்களைத் திகைக்கச் செய்து கைவலையில் அள்ளி, காற்றுக்குமிழ் விடும் வாளிகளில் இட்டு, எண்ணிக் குறித்துக்கொண்டு, நீரின் வெப்பம் ஏறும் முன் மேலே கொண்டுபோய் விடுகின்றனர். மணல்மூட்டையால் ஓடை மறிக்கப்பட்டு, நீர் எந்திரத்தாலோ இயல்பான சரிவாலோ குழாய் வழியே பணியிடத்தைத் தாண்டிச் செல்கிறது. உறிஞ்சும் வாயில் 3 மில்லிமீட்டருக்கும் சிறிய கண்ணுள்ள சல்லடை கட்டாயம். இல்லையேல் விடுபட்ட குஞ்சு எந்திரத்துக்குள் போய்விடும். இரவில் எந்திரம் நின்றால் கீழ்ப்பக்க ஓடை காய்ந்துவிடும் என்பதால் மாற்று எந்திரத்தோடு காவலும் இருக்க வேண்டும்.

புதிய படுகை முடிந்ததும் மறிப்பைச் சட்டென்று உடைப்பதில்லை. முதலில் சிறிது நீர் விட்டுச் சரளையிலுள்ள நுண்மண்ணை இடுக்குகளுக்குள் அமிழ்த்துகின்றனர். கலங்கி வரும் நீரைக் கீழ்முனையில் இறைத்துப் புல்தரையில் ஊறவிடுகின்றனர். தெளிந்து வரும்வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்து, பிறகு மூட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து ஓடையைப் படிப்படியாகத் திறக்கின்றனர். அப்போதும் ஒருவர் கீழே நின்று கலங்கலை அளந்துகொண்டிருப்பார். மேலிருந்து வரும் நீர் 50 என்.டி.யூ அல்லது அதற்குக் கீழே இருந்தால், பணியால் கூடும் கலங்கல் பொதுவாக 5ஐத் தாண்டக்கூடாது.

சாலை திறக்கப்பட்ட பிறகும் இந்த வேலை முடிவதில்லை. செய்தித்தாள்களில் அது இடம்பெறாமல் போகிறது என்பது மட்டுமே மாற்றம். வடிதொட்டிகளில் சேறு நிறைகிறது. குளத்தின் அடியில் ஆண்டுக்காண்டு வண்டல் ஏறிக் கொள்ளளவு குறைகிறது. வடிகட்டும் பட்டையின் மேல் மண் சேர்ந்து விளிம்பு உயர்ந்துவிட்டால், நீர் பரவி இறங்காமல் சாலையோரமாகவே ஓடி எங்கோ ஓரிடத்தில் பாய்கிறது. இவற்றுக்கெல்லாம் ஆள் வேண்டும், ஆண்டுதோறும் பணம் வேண்டும். கட்டுவதற்குக் கோடிகளை ஒதுக்கும் அரசுகள் பராமரிப்புக்குக் கையை இறுக்குவது எந்த நாட்டிலும் காணக்கூடிய குறை. இங்கே அதன் விலையை முதலில் கொடுப்பது ஓடை. அக்டோபர் மழைக்கு முன் பராமரிப்புப் பணியாளர் குளத்தில் இறங்கிக் கோலைவிட்டு வண்டலின் ஆழத்தை அளக்கிறார். செங்குத்துக் குழாயைச் சுற்றிய கம்பிக்கூண்டை நீக்கி, அதன் அடியிலுள்ள அந்தச் சிறு துளையில் சிக்கியிருக்கும் ஆல்டர் மர இலைகளைக் கையால் எடுத்துப் போடுகிறார். துளை திறந்திருக்கிறதென்று பதிவேட்டில் குறித்துவிட்டு அடுத்த குளத்துக்குச் செல்கிறார்.